பிள்ளையின் போனைப் பறித்தால் பிள்ளை பாதுகாக்கப்பட்டுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், இணையத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிப் பெற்றோருக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பேச வந்தவர் படித்தவர், நல்ல நோக்கமுடையவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றரை மணி நேரம் பேசிய அவர் இறுதியாகச் சொன்ன புத்திமதி, பதினாறு வயது வரை பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இன்றே பறித்துவிடுங்கள் என்பதுதான். எல்லோரும் கைதட்டினோம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாயின் போன் திடீரென அலறத் தொடங்கியதையும், அதன் சத்தத்தை நிறுத்தத் தெரியாமல் அவர் தடுமாறியதையும், மடியில் சாய்ந்திருந்த அவருடைய பத்து வயது மகள் அதை வாங்கி ஒரே தொடுகையில் அமைதியாக்கித் திருப்பிக் கொடுத்ததையும் மேடையில் நின்றவர் கவனித்திருக்க மாட்டார். எங்கள் வீடுகளில் போனின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிட்டது. அன்று வீடு திரும்பிய பின் எனக்குள் எழுந்த எண்ணங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோருடனும், என்னைப் போன்ற அம்மம்மா அப்பம்மாக்களுடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், இந்தப் போன்கள் பிள்ளைகளிடம் எப்படி வந்தன என்பதை நாம் மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுங்கள் என்று எங்களிடம் கேட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களும் பாடசாலைகளுமே. நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன். 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோது மீண்டும் வகுப்புகள் அதே சிறிய திரைக்குள் சென்றன. அதன்பின் பாடசாலைகள் திறந்தன, ஆனால் வீட்டுப்பாடமும், ரியூசன் நேர மாற்றமும், பரீட்சை வினாத்தாளும் வட்ஸ்அப் குழுக்களை விட்டு வெளியே வரவே இல்லை. இதற்கு மேல், எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தகப்பனோ தாயோ கனடாவிலோ பிரான்சிலோ மத்திய கிழக்கிலோ இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்குத் தாயின் முகம் என்பதே போனின் திரைதான். ரொறொன்ரோவில் காலை என்றால் இங்கே இரவு. இரவில் போன் வேண்டாம் என்று அந்தப் பிள்ளைக்கு எந்த மனத்தோடு சொல்வது?

ஆகவே, பறியுங்கள் என்பது கைதட்டுவதற்கு ஏற்ற புத்திமதியே தவிர, வீட்டில் நடைமுறைப்படுத்தக்கூடிய ஒன்றன்று. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் அதில் உண்டு. அதை விளங்கப்படுத்த என் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், அதில் பிழை விட்டவள் நானே என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவளுடைய பதின்மூன்று வயது மகன் என்னோடு இருந்து படிக்கிறான். அவனுக்கெனத் தனிப் போன் இல்லை, என்னுடையதைத்தான் பாவிப்பான். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு முப்பது வருடங்கள் நின்ற பழக்கத்தில், போனை அவன் கையில் கொடுத்த முதல் நாளே, இதில் ஏதாவது வில்லங்கம் வந்தால் உடைத்துக் கிணற்றுக்குள் போட்டுவிடுவேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். கடந்த ஆண்டு ஒருநாள் என் வட்ஸ்அப் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. தொலைத்தொடர்புக் கோபுரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை, கொழும்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சாதாரண அழைப்பில் வந்து, "ரீச்சர், ஒப்பறேசன் முடிஞ்சுதா? காசு கிடைச்சுதா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விபரம் தெரிந்தது. என் பெயரில், என் படத்தோடு, அவசர சத்திரசிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று என் தொடர்பிலுள்ள பலருக்கும் செய்தி போயிருக்கிறது. அவர் இருபத்தையாயிரம் ரூபா அனுப்பிவிட்டார்.

நடந்தது இதுதான். பேரன் விளையாடும் ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் அறிமுகமான ஒருவன், விளையாட்டுக்குத் தேவையான டயமன்ட்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லி முதலில் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டிருக்கிறான், பின்னர் அந்த இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறான். அந்த எண், வட்ஸ்அப் கணக்கொன்றை வேறொரு போனுக்கு மாற்றும்போது உரிமையாளரை உறுதிப்படுத்துவதற்காக அனுப்பப்படுவது. வீட்டுத் திறப்பைப் போன்றது. பிள்ளை அதை வாசித்துச் சொன்ன அடுத்த நிமிடமே என் கணக்கு மற்றவனுடைய போனுக்குப் போய்விட்டது. செயலியில் என் இலக்கத்தை மீண்டும் பதிந்து, புதிதாக வரும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தாலே திருடன் தானாக வெளியேற்றப்படுவான் என்பதும், அமைப்புகளுக்குள் கணக்கு என்ற பகுதியிலுள்ள இரண்டடுக்குச் சரிபார்ப்பை முன்னரே போட்டு வைத்திருந்தால் இந்தத் திருட்டே நடந்திராது என்பதும், நான் போடாத அந்தப் பூட்டைத் திருடன் தானே போட்டுவிட்டால் கணக்கை மீட்க ஏழு நாட்கள் வரை காத்திருக்க நேரிடும் என்பதும் பின்னர் நான் கற்றுக்கொண்ட பாடங்கள்.

பணம் போனதைவிட என்னை வருத்தியது வேறு. ஏதோ பிழை நடந்துவிட்டது என்று முதல் நாள் மாலையே பேரனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் கணக்கை மீட்டிருக்கலாம், அந்த மாணவரின் பணமும் போயிருக்காது. இரண்டு இரவுகள் அவன் நித்திரை கொள்ளவில்லை, சாப்பாட்டிலும் மனமில்லை. நான் அதைத் தவணைப் பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். ஏனடா சொல்லவில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் இது: "நீங்கள்தானே அம்மம்மா போனை உடைச்சுப்போடுவன் எண்டு சொன்னனீங்கள்."

எங்கோ இருந்த அந்தக் கள்ளனைவிடப் பக்கத்து அறையில் இருந்த என்மீது பிள்ளைக்கு அதிக பயம் இருந்திருக்கிறது. கள்ளனுக்கு வேண்டியதும் அதுவே. ஆசிரியர் அவர்களே, இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விடயத்தைத்தான், மற்றவை எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

என் வீட்டில் போனது இருபத்தையாயிரம் ரூபா. இதே வாய்ப்பூட்டு வேறு வீடுகளில் பிள்ளையின் மானத்தையும் சில வேளைகளில் உயிரையுமே விலையாகக் கேட்கிறது. பிள்ளையின் வயதையொத்த ஒரு பெண்பிள்ளையின் படத்தைப் போட்டுக்கொண்டு வளர்ந்த ஆண் ஒருவர் பழகுவது, சில நாட்கள் பாடத்தைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் கதைப்பது, பிள்ளை வீட்டில் பேச்சு வாங்கிய நாளில் ஆறுதல் சொல்வது, பின்னர் இந்த உரையாடலை வீட்டில் காட்டாதே என்று கேட்டுக்கொண்டு வேறொரு செயலிக்கு அழைத்துப் போவது, அங்கே ஒரு படம் கேட்பது, அந்தப் படம் கிடைத்தவுடன் குரலை மாற்றிப் பணமோ மேலும் படங்களோ தராவிட்டால் உன் தகப்பனுக்கும் வகுப்புக் குழுவுக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுவது என, உலகம் முழுவதும் இது ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது. இதில் பெண்பிள்ளைகள் மட்டுமே அகப்படுவார்கள் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். பணம் பறிப்பதற்காக மிரட்டப்படுவோரில் பதின்ம வயது ஆண்பிள்ளைகள் பெருமளவில் இருக்கிறார்கள் என்பதையும், வெட்கத்தினால் அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. மேலே சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு படியிலும் மிரட்டுபவனுக்குக் கைகொடுப்பது பிள்ளையின் மௌனம். வீட்டில் தெரிந்தால் கொன்றுபோடுவார்கள் என்று பிள்ளை நம்பும்வரை அவன் வேறு ஆயுதம் எதையும் தேட வேண்டியதில்லை.

அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்க்கப்பட்டு, அதையே சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த தலைமுறை என்னுடையது. ஆனால் அதே தலைமுறைக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், வளவுக்குள் பங்கர் வெட்டி வைத்திருந்தோம். விமானச் சத்தம் கேட்டால் எங்கே ஓட வேண்டும், எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும், தம்பியின் கையை யார் பிடிக்க வேண்டும் என்பதை மூன்று வயதுப் பிள்ளைக்கும் பழக்கி வைத்திருந்தோம். பயந்து போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளையை, பங்கருக்கு ஏன் வரவில்லை என்று யாரும் அடித்ததாக எனக்கு நினைவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, பிள்ளை எங்களிடம் ஓடி வர வேண்டும் என்ற தெளிவு அன்று எங்களுக்கு இருந்தது. போன் விடயத்தில் மட்டும் அந்தத் தெளிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆகவே, பிள்ளையின் கையில் போன் போகும் நாளிலேயே, "இதில் என்ன நடந்தாலும், பிழை உன்னுடையதாகவே இருந்தாலும், நீ வந்து சொன்னால் நான் போனைப் பறிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன், அப்பாவிடம் சொல்வதானாலும் உன்னைக் கேட்டுத்தான் சொல்வேன்" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோமா என்பதைப் பிள்ளை சின்னச் சின்ன விடயங்களில் பரீட்சித்துப் பார்க்கும். தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார் என்று சொன்னவுடன் நாம் முகத்தை மாற்றினால், பெரிய விடயம் நம்மிடம் வராது.

அப்படி ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பதற்றத்தில் பெற்றோர் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான். அது கூடாது. மிரட்டுபவரின் கணக்குப் பெயர், அந்தக் கணக்கின் இணைப்பு, உரையாடல், பணம் கேட்ட இலக்கம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து, திகதியோடு வைத்துக்கொண்ட பின்னரே அவரைத் தடை செய்ய வேண்டும். பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் கேட்பார்கள். பிள்ளையின் படத்தை ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பி வைக்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரின் அநாகரிகமான படத்தைப் பகிர்வதும், பகிரும் நோக்கில் வைத்திருப்பதும் 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முதல் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்களாக உள்ளன. வகுப்புத் தோழியின் படத்தைப் பகிடிக்காகக் குழுவில் போட்ட மகனின் பெற்றோரும் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை அது. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்களுக்கான பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பொலிசுக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும், நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேச முடியுமா என்று தயங்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். அவர்களுக்கு அந்த உத்தியோகத்தரோ, பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோ முதற்படியாக இருக்கலாம். படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது அல்லது போய்விடும் என்று அஞ்சுவோருக்கு, அமெரிக்காவில் காணாமற்போன, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்தும் 'ரேக் இற் டவுன்' என்ற இலவச இணையச் சேவை உண்டு. அதில் படத்தை எவருக்கும் அனுப்புவதில்லை. படம் நம் போனிலேயே இருக்க, அதன் கைரேகை போன்ற ஓர் எண் குறியீடு மட்டும் உருவாக்கப்பட்டுப் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் முதலிய நிறுவனங்களுக்குப் போகும், அவர்கள் தத்தம் தளங்களில் அதே கைரேகையுடைய படத்தைத் தேடி நீக்குவார்கள். வட்ஸ்அப் போன்ற மூடிய உரையாடல்களுக்குள் அது எட்டாது என்ற குறை உண்டென்றாலும், ஒன்றும் செய்ய முடியாது என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு இப்படியொரு வழி இருக்கிறது என்ற செய்தியே பெரிய ஆறுதல்.

போனின் உள்ளே செய்து வைக்க வேண்டிய சில காரியங்களும் உண்டு. அவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பிறந்த ஆண்டு. பேஸ்புக்கும் இன்ஸ்ரகிராமும் ரிக்ரொக்கும் பதின்மூன்று வயது நிரம்பாதவர்களை ஏற்பதில்லை என்பது அவற்றின் விதி. பதின்மூன்று என்பது பிள்ளை முதிர்ச்சியடைந்துவிட்டது என்று யாரோ ஆராய்ந்து கண்ட வயதன்று, 1998 இல் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் அதற்குக் குறைந்த வயதினரின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டக் கூடாது என்று சொன்னதால் வந்த எல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த கையோடு கணக்குத் தொடங்கும் எங்கள் பிள்ளைகள் பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுக்கிறார்கள், பல வீடுகளில் அண்ணாவே அதைச் செய்து கொடுக்கிறார். அதன் விளைவு என்னவென்றால், அந்த நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பத்து வயதுப் பிள்ளை இருபத்தைந்து வயது வளர்ந்தவர். ரிக்ரொக்கில் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நேரடிச் செய்தி வசதி கிடையாது, அவர்களுடைய கணக்குகள் இயல்பாகவே தனிப்பட்டவையாக இருக்கும். இன்ஸ்ரகிராமும் 2024 இல் பதின்ம வயதினருக்கென இவ்வாறான கட்டுப்பாடுள்ள கணக்குகளைக் கொண்டு வந்தது. ஒரு பொய்யான ஆண்டினால் இவ்வளவு காப்பும் ஒரே நொடியில் கழன்றுவிடுகிறது. பதின்மூன்று நிரம்பாத பிள்ளையின் கணக்கை மூடுவதும், நிரம்பிய பிள்ளையின் ஆண்டைத் திருத்துவதும் பெற்றோர் இன்று மாலையே தொடங்கக்கூடிய வேலை.

அன்ட்ரொயிட் போன்களில் கூகுள் தரும் ஃபமிலி லிங்க் என்ற இலவசச் செயலி மூலம், பிள்ளை எந்தச் செயலியை இறக்கலாம், எத்தனை மணிக்குப் போன் பூட்டப்பட வேண்டும் என்பவற்றைத் தாயின் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். வட்ஸ்அப்பில் தெரியாதவர்கள் பிள்ளையைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடியும், படத்தைத் தொடர்பிலுள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படியும் மாற்றி வைக்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் பின் எல்லாப் போன்களும் விறாந்தை மேசையில் சார்ஜ் ஏறட்டும் என்று என் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன், என்னுடைய போனும் அங்கேதான் கிடக்கிறது. மகளின் அழைப்பு வந்தால் விறாந்தையில் இருந்தே பேசுகிறோம். பிள்ளையின் உரையாடல்களைத் திருட்டுத்தனமாக வாசிப்பதை நான் ஆதரிக்கவில்லை. போதாக்குறைக்கு அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில், பாதிச் சொற்களை விழுங்கி எழுதுவதை வாசித்து விளங்கிக்கொள்ள ஓய்வூதியக்காரிக்கு ஒரு நாள் காணாது.

இனி, பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் எங்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் பிள்ளைகளின் படங்களை இணையத்தில் அதிகம் போடுபவர்கள் அந்நியர்களா? சாமத்தியவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு மணப்பெண் போல அலங்காரம் செய்து, ட்ரோன் பறக்கவிட்டு, சினிமாப் பாட்டு ஒலிக்க எடுக்கப்படும் காணொளி, மறுவாரமே அந்த ஸ்ரூடியோவின் யூரியூப் பக்கத்திலும் பேஸ்புக்கிலும் விளம்பரமாக ஏறிவிடுகிறது. பிள்ளையின் முழுப் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், மண்டபம், சில வேளைகளில் வீட்டு வாசல் வரை அதில் தெரிகிறது. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு உலகம் முழுவதற்கும் திறந்துவிட வேண்டியதில்லை, இணைப்புத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி யூரியூப்பில் ஏற்றுவதற்கு வழி இருக்கிறது. ஸ்ரூடியோவுக்கு முற்பணம் கொடுக்கும்போதே, எங்கள் பிள்ளையின் காணொளியை உங்கள் பக்கத்தில் போடக்கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். ஒரு சாதாரண முகப்படத்தை வைத்தே செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் ஆபாசப் போலிப்படம் செய்துவிடக்கூடிய காலம் இது. அந்தக் கூட்டத்தில் இதை நான் எழுந்து சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒருவருக்கு முகம் கறுத்தது, அவருடைய மகளின் காணொளி அப்போதுதான் வெளிவந்திருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும்.

பரீட்சைப் பெறுபேறு வந்தவுடன் பிள்ளையின் படம், பாடசாலை, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துத் தனியார் கல்வி நிலையங்கள் போடும் பதிவுகளும் இந்த வகையே. இவற்றையெல்லாம் விட என்னை வேதனைப்படுத்துவது, உதவி வாங்கித் தருகிறோம் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் கமராவோடு போய், தகப்பனில்லாத பிள்ளையை அழவைத்து, அதன் முகத்தை மறைக்காமலே யூரியூப்பில் போடுபவர்களின் செயல். கொடுப்பவர்களின் கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை நாளை அதே முகத்தோடுதான் வகுப்புக்குப் போக வேண்டும். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் மதிப்புக்கும் காப்பு உண்டு என்கிறது. வறிய பிள்ளைக்கு அது பொருந்தாது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

சிட்னியிலுள்ள என் தம்பி, அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குகள் தடை செய்யப்பட்டிருப்பதைச் சொல்லி, "அங்கையும் தடை செய்யச் சொல்லுங்கோ அக்கா" என்கிறான். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் தடையைவிட, அதன் பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, தவறும் நிறுவனங்களுக்கு 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை அபராதம். எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கணினி வசதி வழங்குபவர் அது சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையையும், பாலியல் நோக்கத்துடன் சிறுவரை நாடுவதைக் குற்றமாக்கும் பிரிவையும் 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமே கொண்டு வந்துவிட்டது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றிக் கருத்துச் சுதந்திரத்தின் பேரில் எழுந்த வாதங்கள் வேறு கதை. சட்டம் எதுவாயினும் அது வேலை செய்யத் தொடங்குவது, ஒரு பிள்ளை வாய் திறந்து ஒரு பெரியவரிடம் சொன்ன பிறகுதான்.

இந்த நிலையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, எங்கள் சனசமூக நிலையங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி நடத்தும் கருத்தரங்குகளை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, தாய்மாரும் பேரன்மாரும் தங்கள் போனோடு வந்து வட்டமாக இருந்து, அன்றைக்கு ஒரேயொரு காரியத்தை மட்டும் கையால் செய்து பழகட்டும். ஒரு மாதம் வட்ஸ்அப் பூட்டு, அடுத்த மாதம் பிறந்த ஆண்டு, அதற்கடுத்த மாதம் ஃபமிலி லிங்க். கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து எவரும் வரத் தேவையில்லை, உயர்தர வகுப்பில் தொழினுட்பம் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் போதும். தாய்க்குப் பிள்ளை கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், போனைப் பற்றிப் பயமில்லாமல் கதைக்கும் பழக்கமும் இரண்டு பேருக்கும் வந்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கு. வாரத்துக்கு ஒருமுறை, உள்பக்கத்தின் ஒரு மூலையில், சோதிடக் குறிப்பின் அளவேயுள்ள ஒரு பெட்டியில், போனில் செய்ய வேண்டிய ஒரு பாதுகாப்பு வேலையை எளிய தமிழில் வெளியிடுங்கள், அதன் அடியில் 1929 என்ற இலக்கத்தை ஒவ்வொரு வாரமும் தவறாமல் அச்சிடுங்கள். இன்னும் எங்கள் வீடுகளில் பத்திரிகையை முதலில் விரிப்பது அம்மம்மாக்கள்தான். இதைக் கேட்கும்போதே, பிறந்தநாள் வாழ்த்துப் பகுதியில் சின்னப் பிள்ளைகளின் படத்தோடு வீட்டு முகவரியையும் சேர்த்துப் பிரசுரிப்பதை நிறுத்துவது பற்றியும் தாங்கள் யோசிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வருடம் பேரனின் வாழ்த்தை முகவரியோடு கொடுத்தவள் நானே. முதற் பெட்டியில் வட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண் பற்றி வருவதாயின் அதைத் தானே எழுதித் தருவதாக அவன் சொல்கிறான். எழுத்துப் பிழைகளை நான் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியை,
வலிகாமம், யாழ்ப்பாணம்.